நடுச்சாமத்தில் பிளம்பரைக் கூப்பிடுவது யார்?

"24 மணி நேர பிளம்பிங் சேவை" என்று ஒரு பலகை, பேஸ்புக்கில் ஒரு பக்கம், மின்கம்பங்களில் ஒட்ட ஒரு கட்டு ஸ்டிக்கர். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் இந்தத் தொழிலைத் தொடங்கும் இளைஞர்கள் பெரும்பாலும் இந்த மூன்றோடுதான் தொடங்குகிறார்கள். வேலை தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. கட்டாரிலோ துபாயிலோ சில வருடம் பைப் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும், தொழிற்பயிற்சி முடித்து என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) சான்றிதழ் எடுத்தவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். ஆனாலும் பலகை வெயிலில் வெளிறும்வரை காத்திருந்தாலும் இரவு அழைப்பு வருவதென்னவோ அபூர்வம். வந்தாலும், விவரமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு "சரி தம்பி, விடிஞ்சதும் வாங்களன்" என்று முடிகிறது.

வேலையில் குறை இல்லை. விளம்பரத்தின் அச்சு வேறு ஊரில் வார்த்தது என்பதுதான் சிக்கல்.

நடுச்சாம பிளம்பர் என்ற தொழில் குளிர் நாட்டு நகரங்களில் பிறந்தது. அங்கே மாரிகாலத்தில் பைப்புக்குள் தண்ணீர் உறைகிறது. உறையும்போது கன அளவு ஏறத்தாழ 9 வீதம் கூடுவதால் பைப் வெடிக்கிறது. வீட்டுக்கு வரும் தண்ணீர் பெரும்பாலும் நேரடியாகத் தெருக் குழாயின் அழுத்தத்தில் வருவதால், வெடித்தால் நிற்காமல் பாயும். மரத்தளமும் கம்பளமும் நனைந்து, கீழ்வீட்டுக்காரனின் கூரையும் ஊறி, காப்புறுதி வரை போகும். வீட்டுக்காரருக்குப் பிளம்பர் எவரையும் நேரில் தெரியாது. முதலில் கண்ணில் பட்ட இலக்கத்துக்கு அடிப்பார். டெலிபோன் புத்தகக் காலத்தில் பட்டியலின் உச்சியில் வரவேண்டும் என்பதற்காகவே கடைப்பெயருக்கு முன்னால் 'ஏஏஏ' என்று போட்டுக்கொண்டார்கள். இப்போது அதே வேலையை கூகுள் செய்கிறது. அமெரிக்காவில் பிளம்பர் போன்ற சேவைத் தொழில்காரர்களுக்கென்றே ஒரு விளம்பர வகை இருக்கிறது. அதில் வரும் வாடிக்கையாளர் ஒருவருக்கு இவ்வளவு என்று கூகுள் காசு எடுக்கும், பிளம்பரின் பின்னணியை விசாரித்து ஓர் அடையாளக்குறியும் கொடுக்கும். யாரையும் தெரியாத ஊரில் அந்தக் குறி அறிமுகத்தின் வேலையைச் செய்கிறது. அங்கே முதலில் கண்ணில் பட்டவனுக்குத்தான் வேலை.

மட்டக்களப்பில் நிலைமை வேறு. ஏன் என்பதற்கு முதலில் தண்ணீரைப் பார்க்கவேண்டும்.

கடலோரப் பக்கமான எழுவான்கரையின் மணல் நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கிணறு, வாளி, கயிறு, இல்லாவிட்டால் துலா. இவ்வளவுதான் நெடுங்காலமாக வீட்டுக் குடிநீர்த் திட்டம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிக் கிணறுகளை உப்பாக்கிய பிறகுதான் நிலைமை வேகமாக மாறியது. சுனாமிக்குப் பின்னும், 2009க்குப் பின்னும் கட்டிய வீடுகளில் மேலே கறுப்புத் தண்ணீர்த் தாங்கி வந்தது, அறையோடு சேர்ந்த குளியலறை வந்தது, சுவருக்குள் புதைத்த பைப் வந்தது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரித்து அனுப்பும் குழாய்த் தொகுதியும் வந்தது. அந்த வீடுகளின் பைப்புகளுக்கு இப்போது பதினைந்து, இருபது வயது. கூரைக்கு மேலே வெயிலில் கிடக்கும் பீவீசீ காய்ந்து நொறுங்கும் வயது அது. கடற்காற்றில் கேட் வால்வின் சக்கரம் துருப்பிடித்து, திருகினால் கையோடு வரும். வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இனி வருடா வருடம் கூடத்தான் செய்யும்.

ஆனால் வேலை கூடுவது வேறு, அவசரம் கூடுவது வேறு. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் பெரும்பாலான வளவுகளில் கிணறு அப்படியே இருக்கிறது. பைப் உடைந்தால் மோட்டரை நிறுத்திவிட்டு, கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டு, காலையில் ஆள் பார்க்கலாம். இன்னொன்று, தாங்கியில் இருப்பது 1,000 லீற்றர்தான். கீழே அரை இஞ்சி பைப் முழுதாக உடைந்தால் மணித்தியாலம் போவதற்குள் அவ்வளவும் கொட்டித் தீர்ந்துவிடும். மோட்டர் ஓடாமலும் நீர் வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீர் தாங்கிக்கு ஏறாமலும் இருந்தால், அதற்குப் பிறகு கொட்ட ஒன்றுமில்லை. அதாவது பிளம்பர் சட்டை போட்டுக்கொண்டு மோட்டர் சைக்கிளை எடுத்து வந்து சேர்வதற்குள் அவசரம் தானாகவே முடிந்துவிடும். தரை சீமெந்து. கூட்டிவிட்டால் காயும். இந்த வீட்டுக்குப் போய் "நடுச்சாமத்திலும் வருவோம்" என்று கத்துவதில் பெரிய பலன் இல்லை.

அப்படியானால் இங்கே எதுதான் நடுச்சாம அவசரம்? சில இருக்கின்றன, அவற்றைத் தெரிந்து வைத்திருப்பவனுக்குத்தான் விளம்பரம் எழுதத் தெரியும்.

மாடி வீட்டில் சுவருக்குள் பைப் உடைந்து, கீழே மின்குமிழ் வழியாகத் தண்ணீர் சொட்டி, டிரிப் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டாவது ஒன்று. கல்யாண வீடு, செத்த வீடு இன்னொன்று. ஐம்பது பேர் வந்து தங்கியிருக்கும் வீட்டில் இருக்கும் ஒரே கொமட் அடைத்துக்கொண்டால் விடியும்வரை பொறுக்க முடியாது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் என்று உறவுகள் வந்து நிறையும் நாட்களிலும் இதே கதைதான். பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் வெளிநாட்டார் தங்கும் விடுதிகளுக்குக் கிணற்றுச் சமாதானம் செல்லாது. நோன்பு மாதம் வந்தால் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று எல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்ளும். சஹர் உணவு சமைக்கும் நேரத்தில், தொழுகைக்கு முன் கை கால் கழுவி வுழூச் செய்யும் நேரத்தில், தண்ணீர் நின்றால் அந்த வீட்டுக்கு அது பட்டப்பகல் அவசரம். வருடத்தில் ஒரு மாதம் முழுக்க இரவுத் தொழிலுக்கு உயிர் இருக்கிறது. ஆனால் 'சஹர் நேரத்திலும் வருவோம்' என்று போட்ட ஒரு நோட்டீஸைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. எல்லாரும் '24 மணி' என்றே போடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ஐப்பசி முதல் தை வரையான மழை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேதான் நல்ல பேரும் கெட்ட பேரும் சம்பாதிக்கப்படுகின்றன.

வடகீழ்ப் பருவமழை வலுக்கும்போது கரையோர மணலில் நிலத்தடி நீர் மட்டம் ஏறி, மலசலகூடக் குழியின் மட்டத்துக்கே வந்துவிடும். குழிக்குள் இருப்பது நிலத்தில் ஊற வழியில்லை. கொமட்டில் தண்ணீர் ஊற்றினால் இறங்காமல் நிற்கும், பிறகு மேலே வரும். வீட்டார் அடைப்பு என்று நினைத்துப் பிளம்பரைக் கூப்பிடுகிறார்கள். பிளம்பர் வந்து கம்பி விடுகிறார், மருந்து ஊற்றுகிறார், காசு வாங்குகிறார், போகிறார். மறுநாள் அதே நிலைமை. "அவன் காசைப் பறிச்சிட்டுப் போயிட்டான்" என்ற பேச்சு அந்த ஒழுங்கை முழுக்கப் பரவ ஒரு நாள் போதும்.

போனிலேயே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: வீட்டில் ஒரு கொமட் மட்டும் நிற்கிறதா, எல்லாமே நிற்கின்றனவா? ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் அடைப்பு. அப்போ போகலாம். எல்லாம் ஒன்றாக நின்றால் பிரச்சினை குழியில். கலி பவுசரைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுத்தாலும், சுற்றியுள்ள நிலம் தண்ணீரில் மிதக்கும்போது குழி மீண்டும் நிறைந்துவிடும். பிளாஸ்டிக் குழி என்றால் அந்த நேரத்தில் அதை முற்றாக வெறுமையாக்குவதே ஆபத்து. நிலத்தடி நீர் அதை மேலே தூக்கிவிடும். மழை விடும்வரை தண்ணீர்ப் பாவனையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதைத் தவிரப் பிளம்பருக்கு அங்கே பெரிய வேலை கிடையாது.

இதை ஒரு பிளம்பர் சொன்னால் அன்றைய வருமானம் போகும். ஆனால் "வந்து காசு வாங்கியிருக்கலாம், வாங்கல்ல" என்று அந்த வீட்டார் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு ஈடான விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. அதையே ஆவணி, புரட்டாசியில் முன்கூட்டிச் சொல்வது இன்னும் நல்லது. மழைக்கு முன் குழியை எடுத்துவிடுங்கள், மூடியையும் காற்றுக் குழாயையும் பாருங்கள் என்று ஒரு நிமிடக் குரல் பதிவு. ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் அது கைமாறிக் கைமாறிப் போகும். தள்ளுபடிப் போஸ்டரை யாரும் அப்படி அனுப்புவதில்லை.

வீடு யாருடையது?

விளம்பரத்தை 'வீட்டு உரிமையாளர்களுக்கு' என்று எழுதும்போது எழுதுகிறவரின் மனதில் ஓர் ஆண் நிற்கிறார். கிழக்கில் அது பிழையான ஆள். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்கே சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுகிறார். முக்குவர் சட்டம் என்ற பழைய மரபுச் சட்டமும் தாய்வழிக் குடிமுறையும் இருந்த மண்ணில் இது ஆச்சரியமில்லை. வளவைப் பிரித்து மூத்தவளுக்கு முன் வீடு, அடுத்தவளுக்குப் பக்கத்து வீடு என்று கொடுப்பார்கள். அதனால் அக்காவும் தங்கச்சியும் ஒரே மதிலுக்குள், சில இடத்தில் ஒரே கிணற்றோடு இருப்பார்கள். கணவர்மாரில் பலர் வெளிநாட்டில். வீட்டில் என்ன உடைந்தது, யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு கொடுப்பது என்பதெல்லாம் அவள் முடிவு.

இதிலிருந்து இரண்டு விஷயம் பிறக்கிறது. ஒன்று தொழிலுக்குச் சாதகம்: ஒரு வளவில் ஒரு வீட்டை ஒழுங்காகச் செய்துகொடுத்தால் மற்ற இரண்டு மூன்று வீடும் கேட்காமலே வந்துவிடும். மற்றது பாதகம்: இரவு இரண்டு மணிக்கு, பிள்ளைகளோடு தனியாக இருக்கும் ஒரு பெண், முன்பின் தெரியாத ஓர் ஆணுக்குக் கேட்டைத் திறக்கவேண்டும். தண்ணீர் கூரைவரை வந்தாலும் பலர் திறக்கமாட்டார்கள். திறக்கவும் கூடாது. '24 மணி நேரம்' பலகை தோற்றுப்போகிற இடம் இதுதான்.

ஆக, நடுச்சாமத்தில் கூப்பிடும் வீடு, பகலில் ஏற்கெனவே முகம் தெரிந்த வீடு. தெரியாதவன் எவ்வளவு வேகமாக வந்தாலும் மதிலுக்கு வெளியேதான் நிற்பான். விளம்பரக் காசு முழுவதையும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் பிரிக்கவேண்டும்.

பகலில் முகம் தெரிவது எப்படி? சின்ன வேலைகளால்தான். ஒழுகும் டேப் மாற்றுவது, சிஸ்டன் மிதவை மாற்றுவது, மோட்டர் காற்று இழுப்பதைப் பார்ப்பது. பெரிய கொந்தராத்துக்காரர்கள் இதற்கு வரமாட்டார்கள், "ஆள் அனுப்புறன்" என்று சொல்லி மறந்துவிடுவார்கள். அந்த வேலைக்குப் போனவன் கிளம்பும்போது ஒரு காரியம் செய்யலாம். தாங்கிக்குக் கீழே இருக்கும் வால்வைத் திருகிப் பார்த்து, இறுகியிருந்தால் இளக்கிவிட்டு, அதில் தண்ணீர் பட்டாலும் அழியாத ஓர் அட்டையைக் கம்பியால் கட்டிவிடுவது. அட்டையில் ஓர் அம்புக்குறி, "பைப் உடைந்தால் முதலில் இதை மூடுங்கள்" என்று ஒரு வரி, கீழே போன் இலக்கம், இரவு வருகைக்கான கட்டணம். இன்னொரு அட்டை மீட்டருக்குப் பக்கத்து வால்வில்.

அந்த அட்டை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு நாள் இரவு பைப் உடைகிறது. அவள் போன் எடுக்கிறாள்.

"தம்பி, குசினிப் பக்கம் தண்ணி பாயுது, நிக்குதில்ல."

"பயப்பிடாதீங்க அக்கா. பின்பக்கம் தாங்கிக்குக் கீழ நான் ஓர் அட்டை கட்டின நான், தெரியுதா? அதில உள்ள கைப்பிடியக் குறுக்கால திருப்புங்க."

"திருப்பிட்டன்… ஓம், குறையுது."

"சரி. மோட்டர் சுவிட்சையும் நிப்பாட்டுங்க. கரண்டுக்குப் பக்கத்தில ஈரம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நான் காலையில ஆறரைக்கு வாறன். இப்ப வாறதெண்டாலும் வரலாம், ஆனா ராவுக்காசு சும்மா எதுக்கு?"

இரண்டு நிமிடம். பிளம்பர் படுக்கையை விட்டு எழும்பவில்லை. இருந்தாலும் அந்த வீட்டுக்கு '24 மணி நேர சேவை' கிடைத்துவிட்டது. ஆறரைக்கு அவர் போனதும் வேலையும் கிடைத்தது. அடுத்த நாள் அக்கா தங்கச்சிக்குச் சொல்லாமல் இருப்பாளா?

உண்மையாகவே இரவு போகவேண்டி வந்தால், போகும் முறையும் விளம்பரம்தான். வருபவரின் படமும் மோட்டர் சைக்கிள் இலக்கமும் முன்கூட்டி வட்ஸ்அப்பில். பக்கத்து வீட்டு ஆள் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும்படி பிளம்பரே கேட்பது. வெளி லைட்டைப் போட்டு, முன்கதவைத் திறந்தே வைத்து வேலை செய்வது. முதுகில் பெயர் போட்ட ஒரே நிற டீசேர்ட். முடிந்தால் இரண்டு பேராகப் போவது. இதற்கெல்லாம் செலவு பெரிதாக இல்லை. என்.வி.கியூ. மூன்றாம் நிலைச் சான்றிதழின் படத்தையும் கூடவே அனுப்பலாம், நட்டமில்லை. ஆனால் அதைப் பார்த்துக் கேட் திறக்கிற ஆட்கள் குறைவு.

காசு

காசைப் பற்றி வெளிப்படையாகப் பேசாததுதான் எங்கள் பைப் பாஸ்மாரின் பெரிய பலவீனம். "எவ்வளவு வரும்?" என்றால் "பார்த்துத்தான் சொல்லலாம்" என்பார்கள். வேலையைப் பார்க்காமல் வேலையின் விலை சொல்ல முடியாது, அது நியாயம். ஆனால் வந்து பார்ப்பதற்கு எவ்வளவு என்று சொல்லலாமே? பகலில் இவ்வளவு, இரவு பத்துக்குப் பின் இவ்வளவு, சாமான் ஹார்ட்வெயார் பில்லோடு. மூன்றையும் அட்டையில் போட்டுவிட்டால் கூப்பிடுகிறவருக்குப் பாதிப் பயம் போய்விடும். இரவுக் கட்டணம் கூடுதலாக இருப்பதை யாரும் குறை சொல்வதில்லை. வேலை முடிந்த பிறகு சொல்லும் விலையைத்தான் குறை சொல்கிறார்கள்.

தொழில் தொடங்குகிறவர் தன் பக்கக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும். ஒரு பேச்சுக்கு, இரவு போனைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 30,000 ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் இரவு வேலை ஆறு வந்தால், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே வேலையொன்றுக்கு 5,000 ரூபாய் செலவு. அதை வீட்டாரிடம் அப்படியே கேட்டால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள். எனவே இரவுச் சேவை தனியாக இலாபம் தராது, பகல் வேலையைத்தான் கொண்டுவரும். 30,000 ரூபாயை விளம்பரச் செலவு என்று எழுதி, பகல் வேலையில் அது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதே சரியான கணக்கு. பலர் இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, இரண்டாம் மாதம் இரவில் போனை நிறுத்திவிடுகிறார்கள். பலகை மட்டும் '24 மணி' என்று தொங்கும். ஒருமுறை அடித்து, எடுக்காத இலக்கத்துக்கு யாரும் இரண்டாம் முறை அடிப்பதில்லை.

இன்னொரு எல்லைக்கோடும் இருக்கிறது. மீட்டர் வரையான பைப் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு, மீட்டருக்குப் பிறகு வீட்டாரின் பொறுப்பு. தெருப்பக்கம் உடைந்திருந்தால் சபையின் 1939 இலக்கத்துக்கு அறிவிக்கவேண்டும். தனியார் பிளம்பர் அதில் கைவைக்கக்கூடாது. பெரும்பாலான வீட்டாருக்கு இந்தக் கோடு எங்கே என்று தெரியாது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டருக்குள் இருக்கும் சின்னச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தாங்கி நிரம்பாமல் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தாலும் அது சுற்றும், அதையும் மூடிவிட்டுத்தான் பார்க்கவேண்டும். சுற்றினால் கசிவு வீட்டுப் பக்கம். அட்டையின் பின்பக்கத்தில் 1939ஐயும் சேர்த்து அச்சடிக்கச் சொன்னால் சிலர் "நான் ஏன் சபைக்கு விளம்பரம் செய்யணும்?" என்று கேட்பார்கள். அந்த அட்டையை வீட்டார் கழற்றி எறியாமல் வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இணையத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூகுள் வரைபடத்தில் தொழிலை இலவசமாகப் பதியலாம். கடை இல்லாமல் வீடு வீடாகப் போகிறவர்கள் முகவரியை மறைத்து, சேவை செய்யும் ஊர்களை மட்டும் காட்ட வசதி உண்டு. பெயரை ஆங்கிலத்திலும் தமிழிலும் போடுங்கள், இரவில் எடுக்க முடியாவிட்டால் '24 மணி' என்று போடாதீர்கள். அவ்வளவுதான். அதில் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஊருக்குப் புதியவர்கள்: மாற்றலாகி வந்த உத்தியோகத்தர், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்காக வாடகைக்கு இருப்பவர்கள், விடுதி நடத்துகிறவர்கள். குறைவானவர்கள்தான், ஆனால் ஒழுங்காகக் காசு தருகிறவர்கள். பேஸ்புக்கில் காசு கட்டி 'பூஸ்ட்' பண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. லைக் வரும், அழைப்பு வராது. விதிவிலக்கு முதல் பெருமழைக்கு முந்திய இரண்டு வாரம்.

இணையத்தைவிடப் பலமான மூன்று இடங்கள் ஊரிலேயே இருக்கின்றன: ஹார்ட்வெயார் கடையின் கவுண்டர், மோட்டர் வைண்டிங் கடை, ஆட்டோ தரிப்பிடம். உடைந்த எல்போவைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர் கவுண்டரில்தான் "இதுக்கு நல்ல ஆள் ஆரும் இருக்கா?" என்று கேட்கிறார். கவுண்டர்ப் பொடியனுக்கு ஒரு தொகை கொடுப்பது வழக்கம்தான், தப்பென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொகையைச் சாமான் விலையில் ஏற்றி வீட்டார் தலையில் கட்டும் பழக்கம் இருக்கிறதே, அது ஒருநாள் பிடிபடும். பைப்பின் விலை இப்போது எல்லாருக்கும் தெரியும். செத்த வீட்டுக்கு ஒரு தாங்கியும் நாலு டேப்பும் இரவல் கொடுத்து, காசு வாங்காமல் லைன் இழுத்துவிடுகிற பிளம்பரை அங்கே வந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதை விளம்பரம் என்று சொல்லிச் செய்தால் அசிங்கம். சொல்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேலைக்கும் குறைவில்லை.

வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவிலும் சுவிஸிலும் இருப்பவர்களின் வீடுகளைப் பார்க்க ஒரு மாமியோ சித்தப்பாவோ இருப்பார். வீடு பூட்டிக் கிடந்தாலும் வால்வு இறுகும், சிஸ்டன் ரப்பர் காயும். ஆவணியில் குடும்பத்தோடு வந்து இறங்கிய முதல் நாளே எல்லாம் ஒன்றாகப் பழுதாகும். வருவதற்கு ஒரு வாரம் முன்பு போய்த் திறந்து பார்த்து, வீடியோ எடுத்து அனுப்பும் சேவையை அவர்களுக்கு விற்பது சுலபம். இங்கே இரவு இரண்டு மணி என்றால் டொரோன்டோவில் பின்னேரம். வேலை முடிந்து வருகிற நேரத்தில் அவர்கள் அடிப்பார்கள். உடைப்பே இல்லாமல் இரவு போன் அடிக்கும் ஒரே வாடிக்கையாளர் கூட்டம் இதுதான்.

எவ்வளவு தூரம் போவது?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. ஊர்கள் ஒரே வீதியில் வரிசையாக இருக்கின்றன. நகரிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி பக்கத்தில். களுவாஞ்சிகுடி அரை மணித்தியாலத்துக்கு மேல். கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவது சுலபம்தான். ஆனால் வெள்ளம் வந்தால் அங்கே பல வீதிகள் முதலில் மூழ்கும். நடுச்சாமத்தில், மழையில், 'மட்டக்களப்பு – அம்பாறை மாவட்டம் முழுவதும்' என்று நோட்டீஸில் போட்டவர் எங்கே போய்ச் சேரப்போகிறார்?

கல்லடியிலும் நாவற்குடாவிலும் முகம் தெரிந்தவனுக்கு மருதமுனையில் முகம் தெரியாது. தமிழ் ஊரில் பழகியவனை முஸ்லிம் ஊரில் நடுச்சாமத்தில் உள்ளே எடுக்கமாட்டார்கள், மறுபக்கமும் அப்படியே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டைத் திறப்பவள் கணக்கு அது. அம்பாறை நகரப் பக்கம் போனால் போனில் சிங்களத்தில் வால்வு காட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

இதனால் கிளை திறப்பதைவிடக் கூட்டுச் சேர்வதே இங்கே ஓடும் வழி. காத்தான்குடியில் ஒரு நானா, களுவாஞ்சிகுடியில் ஒரு தம்பி, கல்முனையில் ஒருவர், அம்பாறையில் ஒரு சிங்களப் பாஸ். ஒவ்வொருவரும் தன் ஊரில் பகல் வேலை செய்து பெயர் எடுத்தவர். அட்டையும் கட்டணமும் ஒன்றாக இருக்கலாம், இலக்கம் அவரவருடையதாக இருக்கவேண்டும். தன் ஊர் அல்லாத அழைப்பு வந்தால் முதலில் வால்வை மூடச் சொல்லிவிட்டு, அந்த ஊர்க்காரருக்குக் கொடுத்துவிடுவது. கொடுத்தவருக்கு முதல் வேலையில் மட்டும் ஒரு பங்கு. இரண்டாம் வேலையிலிருந்து அந்த வீடு யார் போய்ச் செய்தாரோ அவருடையது. இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளாத கூட்டுகள் முதல் மாரியிலேயே சண்டையில் முடியும்.